பழைய கதவின் பச்சை வர்ணம்

(திருவந்திபுரத்தில், கட்டட மேஸ்திரிகளும் பெயிண்டர்களும் வீட்டுக்காரர்களும் கூடியிருந்த சபையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த ஊருக்கு வந்து கட்டட வேலையைப் பற்றி வாய் திறப்பதற்கு எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஸர்வதந்திர ஸ்வதந்திரர் என்று விருது பெற்ற வேதாந்த தேசிகரிடம் ஒரு கொத்தன் வந்து, எல்லாம் தெரிந்தவர் என்றால் ஒரு கிணறு கட்டிக் காட்டட்டுமே என்று சவால் விட்டதாகவும், வேண்டுமென்றே கோணல்மாணலான செங்கற்களைக் கொடுத்ததாகவும், தேசிகர் அவற்றைக் கொண்டே தம் கையால் கிணற்றைக் கட்டி முடித்ததாகவும் வழங்கும் ஐதிகம் இந்தத் திருவந்திபுரத்துக்கு உரியது. அந்தக் கிணற்றை இன்றைக்கும் இங்கே காட்டுகிறார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. கரணை பிடித்துப் பழக்கமில்லை. பிரஷ் பிடித்தால் சுவரைவிட என் வேஷ்டிக்குத்தான் அதிகம் வர்ணம் ஏறும். பல வருஷங்கள் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக் கொடுத்தவன் என்ற ஒரே யோக்கியதையை வைத்துக்கொண்டு உங்கள் முன் நிற்கிறேன். நீங்கள் அன்றாடம் கையால் தொடுகிற ஒரு வஸ்துவைப் பற்றிப் புஸ்தகத்தில் படித்தவன் என்ன சொல்லப் போகிறான் என்று உங்களுக்குத் தோன்றினால் அது நியாயமே. ஆனாலும் இந்த வஸ்து கண்ணுக்குத் தெரியாமல் காரியம் செய்கிற ஜாதியைச் சேர்ந்தது. ஆகையால் ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்தது பழைய வர்ணத்தில் இருக்கும் ஈயத்தைப் பற்றி.

அந்த வர்ணத்தை நாம் கிளறுவது பெரும்பாலும் கலியாணச் சமயத்தில். முகூர்த்த நாளென்றால் தேவநாத சுவாமி கோயிலிலும் எதிரே ஔஷதகிரியிலும் எத்தனை ஜோடிகள் மாலை மாற்றிக்கொள்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கலியாணம் இங்கே மலையில் நடந்தாலும், வெள்ளையடிப்பது கடலூரின் மஞ்சக்குப்பத்திலும் முதுநகரிலும் திருப்பாதிரிப்புலியூரிலும் சிதம்பரத்துத் தேர் வீதிகளிலும் இருக்கும் வீடுகளில். பத்திரிகை அச்சாகி வந்த கையோடு வீட்டுக்காரர் மேஸ்திரியைக் கூப்பிட்டு அனுப்புவார். இன்னும் பதினைந்து நாளில் எல்லாம் முடிந்தாக வேண்டும் என்பார். அந்த அவசரத்தில் என்ன நடக்கிறது என்பதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

என் அக்காவின் கலியாணமும் இங்கேதான் நடந்தது. எங்கள் வீட்டு வாசற்கதவு இரட்டைக் கதவு. என் பாட்டனார் காலத்திலிருந்து பச்சை எனாமல் வர்ணம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, சித்திர வேலைப்பாட்டின் பள்ளங்களெல்லாம் தூர்ந்து, தாமரை எது, மொட்டு எது என்று தெரியாமல் போயிருந்தது. பெயிண்டர் ஊதுவிளக்கைப் பற்றவைத்து அந்த வர்ணத்தைக் காய்ச்சினார். அது அப்பளம் பொரிகிற மாதிரி உப்பிக்கொண்டு எழும்பும், உடனே தகட்டால் வழித்துத் தள்ளுவார். மிச்சத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். திண்ணையெல்லாம் மாவு சலித்தாற்போல ஒரு மெல்லிய தூள் படிந்தது. அப்போது இரண்டு வயதான என் தம்பி அந்தத் திண்ணையில் உட்கார்ந்து, உதிர்ந்த பச்சைச் சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தான். நடுநடுவே ஒன்றிரண்டை வாயிலும் போட்டுக்கொண்டிருந்தான். சாயங்காலம் அம்மா விளக்குமாற்றால் எல்லாவற்றையும் பெருக்கி முருங்கை மரத்தடியில் கொட்டினாள். யாரும் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. அதில் தவறு இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ரசாயன வாத்தியாராகப் போகிற எனக்கும் தெரியாது.

ஈயம் என்றதும் நம் வீட்டுப் பெண்களுக்கு ஈயச்சொம்பும் அதில் கொதிக்கிற ரசமும் ஞாபகத்துக்கு வரும். அது வெள்ளீயம், கலப்படமில்லாமல் இருக்கிற வரையில் அதனால் உபத்திரவமில்லை. நான் சொல்வது காரீயம். பாட்டரியிலும் மீன்வலைக் குண்டிலும் இருக்கிற அந்தக் கனமான உலோகம் வர்ணத்துக்குள் எப்படி வந்தது என்று கேட்டால், அழகுக்காகவும் ஆயுளுக்காகவும் வந்தது. ஈயவெள்ளை என்ற கூட்டுப்பொருளை ஆளிவிதை எண்ணெயில் குழைத்தால் மரத்தை நன்றாக மூடிக்கொள்ளும், மழைக்கும் தாங்கும். ஈயமும் குரோமியமும் கூடிய மஞ்சள் சூரியகாந்திப் பூப்போல் பளிச்சிடும். அதில் நீலம் கலந்தால் பச்சை. இரும்புக்குத் துருப்பிடிக்காமலிருக்க ஈயச் செந்தூரம். இவற்றோடு, எனாமல் சீக்கிரம் உலர வேண்டும் என்று ஈயத்தின் உப்புகளைச் சிறிதளவு சேர்ப்பதும் உண்டு. ஆகவே பழைய வீட்டில் பளபளவென்றும் அழுத்தமாகவும் மஞ்சளும் பச்சையும் சிவப்பும் எங்கே தென்படுகின்றனவோ, அங்கே சந்தேகப்பட இடமிருக்கிறது. நம் முன்னோர் சுவருக்கு அடித்த சுண்ணாம்பில் இந்தத் தோஷம் கிடையாது. அமெரிக்காவில் சுவரே பயத்துக்குரியது. நம் பக்கத்தில் கதவு, ஜன்னல், கம்பிக் கிராதி, மாடிப்படிக் கைப்பிடி இவைதாம். கடற்காற்று வீசுகிற ஊர் நம்முடையது. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும், துருப்பிடித்தால் சுரண்டுவோம், சுரண்டினால் மறுபடி அடிப்போம். இப்படி ஒரு கிராதியின் மேல் நாலு தலைமுறை வர்ணம் குடியிருக்கும்.

இனி, இது உடம்பில் என்ன செய்கிறது என்பது. சுண்ணாம்புச் சத்துக்கும் ஈயத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஏமாளி நம் உடம்பு. வளருகிற குழந்தையின் எலும்பு சுண்ணாம்புச் சத்துக்காக ஏங்கிக்கொண்டிருக்கும்போது ஈயம் வந்தால் அதையும் வாரி எடுத்துக்கொள்ளும். பெரியவர்கள் விழுங்கினால் உடம்பில் ஒட்டுவதைப்போல் நாலைந்து மடங்கு குழந்தைக்கு ஒட்டுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரும்புச் சத்துக் குறைந்த குழந்தையானால் இன்னும் அதிகம். எலும்பில் பதுங்கிய ஈயம் பல வருஷங்கள் அங்கேயே இருந்து, பெண்ணானால் அவள் பிள்ளையுண்டாகும் காலத்தில் வெளிப்பட்டுக் கருவையும் தொடும். மூளைக்கு வந்து சேர்ந்தது அங்கே என்ன கெடுக்கிறதோ அது கெட்டதுதான். ஔஷதகிரிக்கு அந்தப் பெயர் வந்தது அனுமார் கொண்டுபோன சஞ்சீவியின் ஒரு துண்டு இங்கே விழுந்ததால் என்பார்கள். அந்த மலையடிவாரத்தில் நின்றுகொண்டு சொல்ல வருத்தமாக இருக்கிறது, போன புத்தியைத் திருப்பிக் கொடுக்கும் மூலிகை இந்த விஷயத்தில் இல்லை. ஈயம் மிகுதியாக ஏறினால் அதை இரத்தத்திலிருந்து இறக்க வைத்தியம் உண்டு. கெட்ட மூளையைச் சரிசெய்ய வைத்தியம் கிடையாது.

எவ்வளவு ஏறினால் ஆபத்து என்று கேட்பீர்கள். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பதுதான் இப்போதைய அபிப்பிராயம். இருந்தாலும், கவனிக்க வேண்டிய குழந்தை எது என்று தெரிந்துகொள்வதற்காக அமெரிக்கர்கள் 2021-ஆம் வருஷத்தில், நூறு மில்லி லிட்டர் இரத்தத்துக்கு 3.5 மைக்ரோகிராம் என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். இரண்டு மூன்று வயதுக் குழந்தையின் உடம்பில் ஓடுவது சுமார் ஒரு லிட்டர் இரத்தம். ஆக மொத்தம் 35 மைக்ரோகிராம் இரத்தத்தில் சேர்ந்தால் அந்தக் கோட்டைத் தொட்டாயிற்று. ஒரு எள் ஏறக்குறைய மூன்று மில்லிகிராம் இருக்கும். நூற்றுக்கு ஒரு பங்கு ஈயமுள்ள பழைய எனாமலில், அதுவும் அபூர்வமில்லை, எள்ளளவு சில்லு ஒன்றில் 30 மைக்ரோகிராம் ஈயம் இருக்கும். விழுங்கியது முழுவதும் இரத்தத்தில் சேராது என்பது வாஸ்தவம்; பாதி சேர்ந்தாலும் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். எள்ளளவும் என்று நாம் பேச்சுக்குச் சொல்வது இங்கே அக்ஷர சுத்தமான நிறுவை.

சென்னையில் மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள பள்ளிக் குழந்தைகள் எழுநூறு பேருக்கு மேல் இரத்தம் எடுத்துப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2009-இல் வெளியாயிற்று. சராசரி 11 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. ஈயம் ஏற ஏறக் குழந்தைகளின் கவனமும் நடத்தையும் கெடுவதை அவர்களுடைய ஆசிரியர்கள் கொடுத்த மதிப்பெண்ணிலிருந்தே கண்டார்கள். அந்த ஈயம் முழுவதும் கதவிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் வந்தது என்று சொன்னால் நான் புளுகினவனாவேன். பெட்ரோலில் முன்பு கலந்திருந்தது, பாட்டரி உருக்கும் தொழில் என்று வழிகள் பல. ஆனால் மற்ற வழிகளை அடைக்க சர்க்கார் வேண்டும், கோர்ட் வேண்டும். கதவு வழியை அடைக்க இந்தச் சபையில் இருக்கிறவர்களே போதும்.

வர்ணத்திலிருந்து குழந்தைக்கு ஈயம் ஏறுவதை முதலில் கண்டுபிடித்தவர்களின் கதையைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் அது நம் திண்ணையின் கதை. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து என்ற மாகாணம். அதன் தலைநகர் பிரிஸ்பேன். வெயிலும் மழையும் நம் ஊரைப்போல. வீடுகளுக்கெல்லாம் அகலமான தாழ்வாரமும் அதைச் சுற்றி மரக் கிராதியும் உண்டு. குழந்தைகள் பகலெல்லாம் அந்தக் கிராதியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். 1890-களிலேயே அங்குள்ள குழந்தைகளுக்கு ஈய விஷம் ஏறுவதை டர்னர் என்ற வைத்தியர் கண்டுகொண்டார். எங்கிருந்து ஏறுகிறது என்பது புரியவில்லை. லாக்ஹார்ட் கிப்ஸன் என்ற கண் வைத்தியர், பார்வை மங்கியும் கண் தசைகள் செயலிழந்தும் தம்மிடம் வந்த குழந்தைகளின் வீடுகளை ஆராய்ந்து, 1904-இல் எழுதி வெளியிட்டார்: வெயிலில் காய்ந்து பொடியாகிற கிராதி வர்ணம் குழந்தையின் கையில் ஒட்டிக்கொள்கிறது, விரல் சூப்புகிற, நகம் கடிக்கிற குழந்தை அதைத் தின்கிறது. சக வைத்தியர்களே முதலில் நம்பவில்லை. இதைத் தடுக்கச் சட்டம் வர 1922 ஆயிற்று. பதினெட்டு வருஷம்! அதற்கு முந்திய வருஷமே, 1921-இல், ஜினீவாவில் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு கட்டடங்களின் உட்புறத்துக்கு ஈயவெள்ளை அடிக்கக் கூடாது என்று உடன்படிக்கை செய்திருந்தது. அதை அவர்கள் செய்தது குழந்தைகளை நினைத்தல்ல, வயிற்றுச் சூலையும் மணிக்கட்டுத் தளர்ச்சியும் வந்து அவதிப்பட்ட பெயிண்டர்களை நினைத்து. ஆகவே பெயிண்டர் தம்பிகளே, இந்தச் சரித்திரத்தில் குழந்தைக்குப் பக்கத்திலேயே நீங்களும் இருக்கிறீர்கள்.

அமெரிக்கர்கள் 1978-இல் வீட்டு வர்ணத்தில் ஈயத்தைத் தடுத்தார்கள். தடுத்த பிறகுதான் அவர்களுக்கு ஒரு விஷயம் புலப்பட்டது: சட்டம் கடைக்காரன் கையிலிருக்கும் டப்பாவைப் பிடிக்கிறதே ஒழிய, ஏற்கெனவே அடித்த வர்ணம் லட்சக்கணக்கான வீடுகளில் அப்படியே இருக்கிறது, அதைச் சுரண்டுகிற அன்றுதான் விஷம் வெளியே வருகிறது. இதற்கு ஒரு தனி விதி செய்ய முப்பது வருஷத்துக்கு மேல் ஆகி, 2010 ஏப்ரல் 22 முதல் அது முழு அமலுக்கு வந்தது. 1978-க்கு முன் கட்டின வீட்டிலோ, குழந்தைகள் கூடும் பழைய கட்டடத்திலோ கூலிக்கு ரிப்பேர் செய்கிற ஒப்பந்தக்காரர் அதற்கென்று பயிற்சி பெற்றுச் சான்று வாங்கியிருக்க வேண்டும். ஓர் அறைக்குள் ஆறு சதுர அடிக்கு மேல், வெளிப்புறமானால் இருபது சதுர அடிக்கு மேல் பழைய வர்ணத்தைக் கிளறினாலே விதி வந்து நிற்கும். வேலை தொடங்குமுன் வீட்டுக்காரரிடம் ஆபத்தை விளக்கும் சிறு புஸ்தகத்தைக் கொடுக்க வேண்டும். அறைக்குள் வேலையிடத்தைச் சுற்றி ஆறடி தூரத்துக்குத் தரையில் பிளாஸ்டிக் விரிப்பு, வெளியே பத்தடி. நெருப்பு வைத்து வர்ணத்தை எரிக்கக் கூடாது. தூசியை உறிஞ்சும் வசதியில்லாத கிரைண்டரைப் போடக் கூடாது. எப்படி வேலை செய்தோம் என்ற தஸ்தாவேஜை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது கடைசி நிபந்தனை: வேலை முடிந்து கழுவித் துடைத்த பிறகு, ஒரு வெள்ளை ஈரத் துணியால் ஜன்னல் அடிக்கட்டையை ஒரு தரம் துடைத்து, அந்தத் துணியை அதற்கென்று கொடுத்திருக்கும் ஓர் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அட்டையைவிடத் துணி அழுக்கானால் மறுபடி கழுவு! இவ்வளவு படித்த தேசம் கடைசியில் வந்து நின்றது, நம் பாட்டிமார் பூஜை அறையைத் துடைத்துவிட்டுத் துணியைத் திருப்பிப் பார்க்கிற அதே பரீட்சையில்.

நம் தேசத்து விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூரில் ஜார்ஜ் ஃபவுண்டேஷன் என்ற ஸ்தாபனமும், செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் துப்பில் வெங்கடேஷும் பல நகரங்களில் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்து, 1999-இல் இதற்கென ஒரு மாநாடு கூட்டி, தேசத்தின் காதில் விழும்படி சொன்னார்கள். 2000-இல் பெட்ரோலிலிருந்து ஈயம் நீங்கிற்று. வர்ண டப்பாக்களை வாங்கிச் சோதித்த டில்லி ஸ்தாபனங்கள் வருஷம் தவறாமல் கூச்சல் போட்டதன் பலனாக, 2016 நவம்பரில் மத்திய சர்க்காரின் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு விதி வெளியிட்டது. 2017 நவம்பர் முதல் வீட்டு வர்ணத்தில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கலாகாது, டப்பாவின் மேல் அதை அச்சிட வேண்டும். நல்ல விதி. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த விதியை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள்: செய்கிறவருக்கும் விற்கிறவருக்கும் இறக்குமதி செய்கிறவருக்கும் சொல்கிறது, பழைய கதவைச் சுரண்டுகிறவருக்கு அதில் ஒரு வார்த்தை இல்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் அடித்து நம் ஜில்லாவின் கூரைகளையும் கதவுகளையும் பிய்த்துப்போட்ட பிறகு எத்தனை வீடுகளில் பழைய வர்ணத்தைச் சுரண்டிப் புதிது அடித்தோம்! அந்தப் புதிதும் விதிக்கு முந்தியது. ஆகவே 2017-க்கு முன் எனாமல் கண்ட கதவு எதுவானாலும் அதில் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். கடைச் சட்டம் கடை வாசலோடு நின்றுவிட்டது. வீட்டுக்குள் மேஸ்திரிதான் சட்டம்.

சென்ற மாதம் ஒரு வயதான பெயிண்டரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, நாப்பது வருசமா இந்தத் தூசியிலதான் சோறு தின்னுக்கிட்டிருக்கேன், எனக்கு என்ன ஆயிடுச்சு?" என்றார். பிறகு தாமே, "வவுத்துவலி மட்டும் விட்டபாடில்லை" என்று சேர்த்துக்கொண்டார். அவருடைய வயிற்றுவலிக்குக் காரணம் ஈயமா, வேறா என்று சொல்ல நான் வைத்தியனல்ல. அவருடைய மதியச் சாப்பாட்டுத் தூக்கு, அவர் தேய்த்துக்கொண்டிருந்த ஜன்னலுக்கு நேர் கீழே, மூடி லேசாகத் திறந்தபடி இருந்ததை மட்டும் பார்த்தேன்.

செய்ய வேண்டியது அதிகமில்லை, செலவும் பெரிதில்லை. உப்பாமல், உதிராமல், நன்றாக ஒட்டியிருக்கிற பழைய வர்ணத்தைத் தொடவே வேண்டாம். அதன் மேலேயே புதிது அடித்துவிடலாம். உதிர்கிற இடத்தையும், கதவும் சட்டமும் உராய்கிற விளிம்பையும் சுரண்டத்தான் வேண்டுமென்றால் முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டு சுரண்டுங்கள். காய்ந்த உப்புத்தாளுக்குப் பதிலாக வாட்டர் பேப்பரை நனைத்துத் தேயுங்கள். ஈரம் இருக்கிற இடத்தில் தூசி எழும்பாது; இந்தச் சாஸ்திரத்தின் சாரம் அவ்வளவுதான். ஊதுவிளக்கைக் கையால் தொடாதீர்கள். காய்ச்சினால் ஈயம் புகையாகி நேரே உங்கள் நெஞ்சுக்குள் போகிறது. கதவைக் கழற்ற முடிந்தால் கழற்றி வெளியே வைத்துத் தார்ப்பாயை விரித்து வேலை செய்யுங்கள். கிணற்றையும் தண்ணீர்த் தொட்டியையும் மூடுங்கள். குழந்தைகளும் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களும் வேலை முடிந்து கழுவுகிற வரையில் வேறு வீட்டில் இருக்கட்டும்; கலியாண வீட்டில் சொந்தக்காரர் வீடா அகப்படாது? விளக்குமாறு வேண்டாம்; ஈரத் துணியால் துடையுங்கள், தண்ணீரை மாற்றி மறுபடி துடையுங்கள். சுரண்டின தூளைச் சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் சேர்க்க வேண்டும். மரத்தடியிலோ, கெடிலம் ஆற்றிலோ கொட்டுவது அதை அண்டை வீட்டுக் குழந்தைக்கு அனுப்பி வைப்பதேயாகும். மூக்கில் கட்டுகிற துண்டு மண்ணைத் தடுக்கலாம், இந்தச் சூக்ஷ்மத் தூசியைத் தடுக்காது; கொரோனா காலத்தில் பழகிய என்95 முகமூடி அதைவிட மேல். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சோற்றையும் பீடியையும் தொடாதீர்கள். வேலைச் சட்டையோடு போய்ப் பேரப்பிள்ளையைத் தூக்காதீர்கள். இன்னொன்று, நம் பக்கத்தில் மட்டும் சொல்ல வேண்டியது: இடித்த வீட்டின் பழைய கதவையும் ஜன்னலையும் பிளந்து வெந்நீர் அடுப்புக்கும் கலியாணச் சமையலுக்கும் விறகாக்குகிறோம். வர்ணம் பூசின கட்டையை அடுப்பில் வைக்கக் கூடாது. புகையில் ஈயம், சாம்பலில் ஈயம், அந்தச் சாம்பலைக் கொண்டுதான் பாத்திரம் தேய்க்கிறோம்.

இவ்வளவையும் செய்தால் ஒரு கதவுக்கு அரை நாள் வேலை கூடும். அந்த அரை நாள் கூலியை யார் கொடுப்பது என்பதில்தான் காரியம் தடைப்படுகிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடித்த மேஸ்திரி தம் கையிலிருந்து கொடுக்க வேண்டும் என்று சொல்வது அநியாயம். பந்தலுக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் ஆயிரக்கணக்கில் கொடுக்கிற வீட்டுக்காரர், தம் வீட்டுக் குழந்தைக்காக இதைக் கொடுக்க வேண்டியதுதான் முறை. ஆகவே மேஸ்திரிமார்களே, உங்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. அடுத்த எஸ்டிமேட் எழுதும்போது, பட்டி, பிரைமர், இரண்டு கோட்டு எனாமல் என்று எழுதுகிற அதே தாளில், "பழைய பெயிண்ட் நனைத்துச் சுரண்டி அப்புறப்படுத்தும் கூலி" என்று ஒரு வரி சேர்த்து, எதிரே தொகையையும் போடுங்கள். எதற்கு இந்த வரி என்று வீட்டுக்காரர் கேட்டால் சொல்லுங்கள். கேட்டும் கொடுக்க மாட்டேன் என்றால் எனக்குச் சொல்லியனுப்புங்கள். கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்து, அவர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து நான் பேசுகிறேன்.